தீட்டு கேட்காத கேள்வி

தீட்டுக் கணக்கில் ஒரு துளியும் ஒன்றுதான், ஒரு செம்பும் ஒன்றுதான். பட்டாலே விலக்கு, எவ்வளவு பட்டது என்று யாரும் கேட்பதில்லை. வேளாங்கண்ணி நடைப்பயணமோ, பழனிக்குப் பேருந்தோ, பள்ளியின் மூன்று நாள் முகாமோ, பதினான்கு வயதுப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா முதலில் கேட்பது "டேட் எப்போடி?" என்றுதான். தள்ளி வருமென்றால் நிம்மதி. நடுவில் வருமென்றால் மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை. "ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்துறே? ராத்திரி எழுந்திரிக்க வேண்டியிருக்கா?" என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் எழுவதே இல்லை.

மருத்துவம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அது அதிகம், அதாவது பெரும்பாடு. வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது என்பதால் மருத்துவர்கள் வேறு அடையாளங்களைக் கேட்கிறார்கள்: ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுகிறதா, ஓர் அங்குலத்துக்கு மேல் கட்டி கட்டியாகப் போகிறதா. பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் கருமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிவராது. அதனால் கருப்பையின் உள்வரி கட்டுப்பாடின்றித் தடித்து, மொத்தமாக உதிரும். வளரிளம் பெண்களில் பலருக்குப் பெரும்பாட்டின் காரணம் இதுதான். சிலருக்கு மட்டும் கோளாறு ரத்தத்திலேயே இருக்கிறது.

பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளிலிருந்து 1924இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்சிங்கியில் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவரிடம் வந்தாள். காயம் பட்டால் ரத்தம் நிற்காது. அவளுடைய சகோதரிகள் சிலர் அதே காரணத்தால் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 1926இல் அந்த மருத்துவர் விவரித்த நோய், ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தின் குறைபாடு என்பது பின்னாளில் தெரியவந்தது. இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்தச் சிறுமியோ 13 வயதில், தன்னுடைய நான்காவது மாதவிடாயில், ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். ரத்த உறைவுக் கோளாறுள்ள பல பெண்களுக்கு முதல் எச்சரிக்கை மாதவிடாயில்தான் கிடைக்கிறது. அதை வீட்டு விலக்கு என்று மறைத்துவைத்தால் எச்சரிக்கையும் சேர்ந்தே மறைகிறது.

மதங்கள் எதுவுமே அதிக ரத்தப்போக்கைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பைபிளில் லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரம் வழக்கமான நாட்களையும் அதற்கு மேல் நீளும் ரத்தப்போக்கையும் தனித்தனியாகப் பேசுகிறது. ஆனால் நோய் நீள நீள விலக்கும் நீளும் என்பதே அங்கே விதி. நாளை எண்ணியதால் மட்டும் கருணை வந்துவிடவில்லை. மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள பெண் அந்த விதிக்குள் 12 ஆண்டுகள் வாழ்ந்தவள். கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்தும் குணமாகாதவள். கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள். அவர் அவளை விலக்கவில்லை, மகளே என்று அழைத்தார். அவர் அப்போது போய்க்கொண்டிருந்தது யவீரு என்பவரின் மகளைக் காப்பாற்ற. அந்தச் சிறுமிக்கு வயது 12. மரணப் படுக்கையில் மகளை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் தவிக்கிறான், ஊர்வலமோ ரத்தம் போகும் ஒரு பெண்ணுக்காக நடுவழியில் நிற்கிறது. கதையை இப்படி அமைத்தவருக்கு எது அவசரம் என்பதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இஸ்லாமியச் சட்டம் எண்ணியது. எண்ணி விலக்கைச் சுருக்கியது. தனக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற பெண் நபிகளிடம் கேட்டார். அது மாதவிடாய் அல்ல, ரத்தக்குழாயிலிருந்து வருவது. வழக்கமான நாட்கள் கழிந்ததும் குளித்துவிட்டுத் தொழலாம் என்பது அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். அதைக் கொண்டு சட்ட அறிஞர்கள் எல்லை வகுத்தார்கள்: காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் 15 நாள், ஹனஃபி மரபில் 10 நாள். அதற்கு மேல் போனால் நோய், அசுத்தமல்ல. மருத்துவம் ஏழு நாளிலேயே எச்சரிக்கிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் வழிபாட்டு விதிக்குள்ளேயே ஒரு பெண் நாட்களை எண்ணியாக வேண்டிய நிலை அங்கே உண்டு.

இந்து மரபுக்குள் குரல்கள் பல. அசாமின் காமாக்யாவில் ஆண்டுதோறும் அம்புவாசியின்போது தேவிக்கு மாதவிடாய் என்று கோயில் நடை சாத்தப்படுகிறது. கேரளத்தின் செங்கன்னூரில் பகவதியின் திருப்பூத்து ஒரு விழா. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பங்காரு அடிகளார் மாதவிடாய் நாட்களிலும் பெண்கள் வழிபடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4-1 என்று தீர்ப்பளித்தபோது, மாதவிடாயைக் காட்டி விலக்குவது தீண்டாமையின் ஒரு வடிவமே என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். நம்பிக்கையின் நியாயத்தை நீதிமன்றம் எடைபோடக் கூடாது என்று மாறுபட்டார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. இரு தரப்பும் வாதாடியது யார் உள்ளே போகலாம் என்பதைப் பற்றி.

"ஓய்வு கிடைக்கட்டும்னுதான் பெரியவங்க ஒதுக்கி வெச்சாங்க" என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம். ஓய்வுதான் நோக்கமென்றால் அதிகம் படுகிறவளுக்கு அதிக ஓய்வும், நல்ல சாப்பாடும், நல்ல கூரையும் கிடைத்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே பூப்படைந்ததற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது.

வெளியூர் விடுதிகளும் வீட்டு வழக்கத்தைத்தான் பெரிதாக்குகின்றன. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் புஜ் நகரில் 60க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவிகள் மாதவிடாய் இல்லையென்று உள்ளாடையைக் களைந்து நிரூபிக்க வைக்கப்பட்டார்கள். அந்த விடுதியில் மாதவிடாய் வந்தவர்கள் பெயரெழுத ஒரு பதிவேடே இருந்தது. யாருக்கு ரத்தசோகை என்று அறிய உதவியிருக்கக்கூடிய பதிவேடு, யார் சமையலறைக்கு வரக்கூடாது என்பதற்குப் பயன்பட்டது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி, பூப்படைந்ததற்காக, வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் ஊரகப் பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஒன்றுக்கு ஆறு பேட், மாதத்துக்கு ஒன்பது. பெரும்பாடு உள்ளவளுக்கு அது ஒரு நாளைக்கே போதாது.

ஆகவே பயணப் பை எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். போன மாதம் எத்தனை பேட் ஆனதோ அதைவிடக் கூடுதலாக, இரவுக்கு நீளமானவை தனியாக. மாற்று உடை, அடர்நிறச் சுடிதார் பேன்ட், சுற்றிப் போடத் தாள், குடிக்கத் தண்ணீர். அளவுக் கோடு போட்ட மாதவிடாய்க் கோப்பை பழகியிருந்தால் மில்லிலிட்டர் கணக்கே கிடைக்கும். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் பலன் குறையும். தள்ளிப்போடுவதற்கென்று கடையில் வாங்கும் நோரெதிஸ்டிரோனையே பெரும்பாட்டை நிறுத்தவும் மருத்துவர்கள் தருகிறார்கள். கோயிலுக்காக அதை யாரையும் கேட்காமல் விழுங்கும் பெண், தனக்காக ஒருமுறை மருத்துவரைப் பார்த்திருந்தால் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே நடந்திருக்கும். உடன் போகும் ஆசிரியைக்கோ அத்தைக்கோ ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கொரு பேட் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே 108.

இவற்றில் எதற்காகவும் மகள் தன் நம்பிக்கையை விட வேண்டியதில்லை. சன்னதிக்கு வெளியே நின்று கும்பிட அவளே விரும்பினால் அது அவள் முடிவு. உடன் வருகிறவர்கள்தான் கொஞ்சம் வளைய வேண்டும். நபிகளின் இறுதி ஹஜ் பயணத்தில், மக்காவை நெருங்கும்போது அவர் மனைவி ஆயிஷாவுக்கு மாதவிடாய் வந்தது, அழுதுகொண்டிருந்தார். ஆதமின் பெண்மக்களுக்கு இறைவன் விதித்தது இது என்று தேற்றிய நபிகள், கஅபாவை வலம் வருவது தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். ஹஜ் முடிந்த பிறகு, விட்டுப்போன உம்ரா என்ற சிறு யாத்திரைக்காக ஆயிஷாவின் சகோதரர் அப்துர் ரஹ்மானைத் துணைக்கு அனுப்பி, இருவரும் திரும்பும்வரை காத்திருந்தார். அவர்கள் போன தன்ஈம் என்ற இடத்தில் இன்று ஆயிஷா பள்ளிவாசல் நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு வண்டியை நிறுத்தச் சொல்லும் தகப்பனிடம், ஒரு பெண்ணுக்காக எல்லாரும் காத்திருப்பதா என்று யாத்திரைக்குழுத் தலைவர் முகம் சுளித்தால், அவருக்குச் சொல்ல மாற்குவும் இருக்கிறது, தன்ஈமும் இருக்கிறது.