தியாவுக்கு ஒரு நியாயம், பத்ரிக்கு ஒரு நியாயம்

வட கொல்கத்தாவில், பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் சந்தை கூடும். செடி, மீன், நாய்க்குட்டி, புறா என்று எல்லாம் கிடைக்கும். கூண்டு கூண்டாகக் கீச்சிடும் பட்ஜிகளும் உண்டு. வங்காளிகளுக்கு அது பத்ரி, தமிழ்நாட்டில் லவ் பேர்ட்ஸ். அதை யாரும் வாங்கிப் போகலாம். ஆனால் வங்காளத்து மரப்பொந்தில் பிறந்த தியாவை, அதாவது நம்மூர்ப் பச்சைக்கிளியை, விற்பதும் வாங்குவதும் குற்றம். கூண்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம்தான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கிளி பிடிப்போர் பொந்தை வெட்டி அகலமாக்கி, இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளிவிடுவார்கள். குஞ்சும் போகும், அடுத்த ஆண்டுக்கான பொந்தும் பாழாகும். பெரிய கிளியான சந்தனா ஏற்கெனவே அழிவின் விளிம்பை நெருங்கும் பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தின்கீழ் 1990களின் தொடக்கத்தில் உள்நாட்டுப் பறவை வணிகம் தடைசெய்யப்பட்டது; 2022 திருத்தம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணையில் வைத்தது. பத்ரி ஆஸ்திரேலியப் பறவை. அங்கிருந்து வணிக ஏற்றுமதி 1960இலேயே நின்றுவிட்டதால், இங்கே விற்கப்படுபவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. அவற்றை வாங்குவதால் எந்தக் காடும் காலியாவதில்லை.

சட்டம் காப்பது இனத்தை. கூண்டுக்குள் இருக்கும் ஒற்றைப் பறவையின் பாடு அதன் கணக்கில் பெரிதாக வருவதில்லை. வறண்ட நிலத்தில் விதையும் நீரும் தேடிப் பெருங்கூட்டமாகப் பறக்கும் உடல்தான் பத்ரிக்கும். ஓரடிக் கூண்டு தியாவுக்குச் சிறை என்றால், பத்ரிக்கு மட்டும் அது எப்படி வீடாகும்? பறவையைக் கூண்டில் அடைப்பது தவறு என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2011இலும், பறப்பது பறவையின் உரிமை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015இலும் சொன்னபோது எழுந்த கேள்வி இதுதான்.

அப்படியானால் திறந்துவிட்டுவிடலாமா? கூண்டில் பிறந்த பத்ரிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையிடமும் பருந்திடமும் தப்பவும் தெரியாது. அதற்குக் கதவைத் திறப்பது கொலைக்குச் சமம். சந்தையில் சில்லைக் குருவிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் புண்ணியமும் உதவாது. விற்ற கூண்டை நிரப்ப வலைக்காரர் மறுபடியும் வயலுக்குப் போவார்.

ஆக, கேள்வி இரண்டாகப் பிரிகிறது. வீட்டில் இருக்கும் பறவைக்கு என்ன செய்வது என்பது ஒன்று. இன்னொன்றை வாங்கலாமா என்பது மற்றொன்று.

முதலாவதில் தட்டிக்கழிக்க இடமில்லை. பத்ரி தினையை உமி நீக்கித்தான் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதிப் பார்த்தால் அடியில் ஒரு மணிகூட இருக்காது. ஊதிப் பார்க்காத வீட்டில் பறவை பட்டினி கிடக்கும். தினை மட்டும் போதாது, கீரையும் வேண்டும். சிறகடிக்க அகலமான கூண்டும், பேச்சுத்துணைக்கு இன்னொரு பறவையும் வேண்டும். அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதை 1960 வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. விலங்கு வதையைத் தடுக்க 1861இலேயே சங்கம் கண்ட ஊர் கொல்கத்தா.

இரண்டாவது கேள்விக்கு வரும் மறுப்பு லேசானதல்ல. வளர்ப்போருக்கும் விற்போருக்கும் இது பிழைப்பு. தனித்து வாழும் முதியவருக்குத் துணை. பறவைமீது பிள்ளைக்கு அன்பு பிறப்பதும் இப்படித்தான் என்பார்கள். பிழைப்பு உண்மைதான். ஆனால் அன்புக்குக் கூண்டு தேவையில்லை. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மாடியில் கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் தாமாக வந்து தின்றுவிட்டுப் போயின. வாங்கப்படும் ஒவ்வொரு பத்ரியோ, அடுத்த பறவையைக் கூண்டில் பிறக்கவைக்கும் ஒரு ஆர்டர்.

சிக்கல் ஒன்று மிஞ்சுகிறது. ஒற்றையாய் வாடும் பத்ரிக்குத் துணை தேடச் சந்தைக்குப் போனால், அதே வணிகம் வளரும். வளர்க்க முடியாமல் யாரோ கைவிட நினைக்கும் பறவையைக் கேட்டு வாங்கினால் இரண்டு பறவைகளுக்கும் வழி பிறக்கும். சேர்ந்தால் பெருகிவிடுமே என்ற கவலையும் வேண்டாம்; கூண்டுக்குள் கூடாக மண்பானை தொங்கவிடாமல் இருந்தாலே பெரும்பாலும் அவை முட்டையிடுவதில்லை.