எதற்காக ஆடினாள்?

"பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் பட்டணம் போனீராமே, வாத்தியாரே!"

பொதிகை விரைவு வண்டியில் இராசபாளையம் வந்திறங்கி, பேருந்து ஏறித் தளவாய்புரம் சேர்ந்து, கைப்பையை இறக்கி வைக்குமுன் எழுந்த கேள்வி இது. கேட்ட பெரியவரின் குரலிலே கேலி. கேலிக்கு அடியிலே கண்டனம். கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், கருமாதிக்கும் போகலாம். களிப்புக்கென்று இருவர் மட்டும் ஓர் இரவு வெளியே சென்றால் ஊரின் கண்ணை உறுத்துகிறது! அவரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தோம், அவரும் வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

நம்மை உறங்க விடாத கேள்வி வேறொருவருடையது. படிப்பகத்தில் நம்மோடு அமர்ந்து ஏடு புரட்டும் தோழர் கேட்டார்: "கதையில்லை, பாட்டில்லை, கருத்தும் விளங்கவில்லை என்கிறீர். பின் எதற்காக ஆடினாள் அவள்? எதற்காகப் பார்த்தீர் நீர்? தையல் இயந்திரத்தின் முன் முதுகொடியும் ஊரிலே வாழ்ந்துகொண்டு, புரியாத ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு வருவது அறமா?"

அறமா? நறுக்கென்ற கேள்வி, நழுவக் கூடாத கேள்வி.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவோம். சென்னையின் தென்பகுதியில், கடலை அடுத்த ஒரு சிறு அரங்கு. திரையில்லை, சோடனையில்லை, சலங்கையில்லை. சாம்பல் நிற ஆடையில் ஒரு பெண் தரையிலே கிடந்தாள். விரல் அசைந்தது, வெகுநேரம் கழித்து மணிக்கட்டு அசைந்தது. அவள் எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு முடித்திருக்கலாம்! மூச்சொலியன்றி வேறு இசையில்லை. கால் மணியில் நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். கொட்டாவியை விழுங்கினோம். எழுந்துவிடலாமா என்று துணைவியார் பக்கம் திரும்பினால், அவர் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, மணலில் அமர்ந்து சுண்டல் தின்றபோது அவர் சொன்னார்: "அந்தப் பெண் முதுகை நிமிர்த்தினாளே, கவனித்தீர்களா? பொழுது சாயும்போது அம்மா மிஷினைவிட்டு அப்படித்தான் எலும்பெலும்பாக நிமிர்வார். யாரும் அதை நின்று பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை."

நம் ஊரிலே தைக்கும் நைட்டிகள் எங்கெங்கோ போகின்றன. தைத்த முதுகுகள் இங்கேயே இருக்கின்றன.

ஆடியவள் தளவாய்புரத்தை அறிவாளா? அறியாள். அப்படியானால் அந்தப் பொருள் ஆட்டத்தில் இருந்ததா, பார்த்தவர் தாமே ஏற்றியதா? வண்டி விருத்தாசலம் தாண்டும் வரை நாமும் இதையே எண்ணிக்கிடந்தோம். ஏற்றியதுதான் என்றே வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் கண்ணில் படாதது, அன்று அரை மணியில் பட்டதே, அது எப்படி? கதை இருந்திருந்தால் கண் கதையின் பின்னே ஓடியிருக்கும். மன்னன் வருவானா, மாலை சூட்டுவானா என்று மனம் காத்திருக்கும். அங்கே காத்திருக்க ஏதுமில்லை. முதுகு ஒன்றுதான் இருந்தது, முதுகைப் பார்த்தார்.

தோழரின் கேள்வியை அவருக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார், கேட்டவர் ஆடியவரே! மராட்டிய மண்ணில் 1928-இல் பிறந்து, காஞ்சிபுரம் எல்லப்பரிடம் பரதம் பயின்று, சென்னையிலே வாழ்ந்து 2006-இல் மறைந்தவர் சந்திரலேகா. 1952-இல் அவர் மேடையேறிய நிகழ்ச்சி, இராயலசீமை வறட்சிக்கு நிதி திரட்டுவதற்கானது. ஆடியதோ யமுனையிலே நீர்விளையாட்டு! ஆடிக்கொண்டிருக்கும்போதே, வெடித்துக் கிடந்த நிலத்தின் படங்கள் நினைவில் எழுந்து, அபிநயத்தின் நடுவே தாம் உறைந்துபோனதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தண்ணீரின்றி மக்கள் தவிக்க, தண்ணீரில் துள்ளுவதாய் நடிப்பதா என்ற கேள்வி அவரை விடவில்லை. காலப்போக்கில் மேடையை விட்டு விலகினார், எழுதினார், பெண்ணுரிமை இயக்கத்துக்குச் சுவரொட்டி தீட்டினார். 1985-இல் 'அங்கிகா'வோடு திரும்பியபோது தெய்வக் கதைகளைக் கழற்றி வைத்திருந்தார். பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்து, உடலையே பொருளாக்கினார். 2001-இல் வந்த 'சரீரா' வரை அந்த வழிதான். புராணம் வேண்டாம் என்போர் இதை ஏன் அயலாகப் பார்க்கவேண்டும்?

ஆட்டம் என்றாலே நம்மவர் சிலருக்கு ஐயம் எழக் காரணம் உண்டு. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வந்திருக்கவே வேண்டிய சட்டம்! ஆயினும் அக்காலத்தில் நடந்த மற்றொன்றையும் மறக்கலாகாது. ஆடிய குடும்பத்துப் பெண்கள், பாலசரசுவதி போன்ற சிலர் நீங்கலாக, மேடையினின்று ஒதுங்கினர், உயர்ந்தோர் எனப்பட்டோர் வீட்டுப் பெண்கள் ஏறினர், சதிர் பரதநாட்டியமாயிற்று, இழிவென்றது புனிதமாயிற்று. கை அதே கை, கால் அதே கால்! ஆடியவர் எந்த வீடு என்பதைப் பார்த்துத்தானே இழிவும் புனிதமும் பிறந்தன?

புரியாமை பட்டிக்காட்டுக்கு மட்டும் உரியதுமன்று. 1913-இல் பாரிசு மாநகரத்து மேன்மக்கள், நிசின்சுகி அமைத்த புதுமை ஆட்டத்தைக் கண்டு இசையே கேளாதபடி கூச்சலிட்டார்கள்.

குறை இல்லையா? உண்டு. ஆட்டம் முடிந்ததும் கலந்துரையாடல், முழுதும் ஆங்கிலம். சொல்லே இல்லாத கலையைச் சுற்றிச் சொல்வேலி! மணலில் நம்மிடம் சொன்னதைத் துணைவியார் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆடிய பெண் மகிழ்ந்திருப்பாள் என்றே நினைக்கிறோம். இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ ஒரு பள்ளிக் கூடத்தில் இதை நடத்தத் தடை என்ன? மேடைகூட வேண்டாத ஆட்டமாயிற்றே!

பணத்தைப் பற்றி: நாம் திரைப்படத்துக்குச் சீட்டு வாங்கியபோதெல்லாம் தோழர் அறம் கேட்டதில்லை. இதை அவரிடமே சொன்னோம். "அது சரி. ஆனால் அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் வரவில்லையே?" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அடுத்த நாள் மின்தடை. இயந்திரம் நின்றது. மாமியார் மகளைப் பார்த்து, "அந்தப் பொண்ணு எப்படி எந்திரிச்சா, காட்டு பாப்போம்" என்றார். துணைவியார் முற்றத்தில் குந்தி, மெல்ல மெல்ல எழுந்து காட்டினார். அம்மையாரும் பெஞ்சியை விட்டு இறங்கி, தரையில் கையூன்றி, எலும்பெலும்பாக நிமிர்ந்தார், பாதியில் நின்றார். "இடுப்புப் பிடிக்குதுடி" என்று சிரித்தார். நாம் நின்று பார்த்தோம். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. கழுத்து வைக்கவேண்டிய உருப்படிகள் மிச்சமிருந்தன, போய் அமர்ந்துகொண்டார்.