குடியிருந்த காலமும் வீட்டின் விலையும்

தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டை ஒருவர் விலை கொடுத்து வாங்கவேண்டுமா என்னும் வினா, பொருளியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாவேயாகும். அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் இது வெறும் வாதப்பொருளன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவிற் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே இறந்தோர் எண்ணிலர். அதன் சொந்தக்காரராக இறந்தவர் அவர்களுள் இலர்.

இதுபற்றி மேடைகளிற் பெரிதும் எடுத்தாளப்படுவது உழைப்பு வாதமாகும். காட்டை வெட்டித் தேயிலை நட்டவனுக்கே மண் உரியது என்பர். இதற்குத் தத்துவப் பின்னணியும் உண்டு. பொதுவாய்க் கிடக்கும் பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகின்றது என்றார் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் ஜோன் லொக். ஆயின் அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டியெடுத்த புற்கட்டியும் தனக்கே உரியது என்கிறார்! வேலைக்காரனின் உழைப்பு எசமானின் கணக்கிற் சேர்ந்துவிடுகின்றது. தோட்டத்துரைமாருக்கு இதனினும் வாய்ப்பான தத்துவம் வேறு வேண்டியதில்லை.

ஆகவே உழைப்பை விடுத்துக் குடியிருப்பை நோக்குதல் தகும். பிரித்தானியாவில் 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், உள்ளூராட்சி மன்ற வீடுகளில் வாடகைக்கு இருந்தோருக்கு அவ்வீடுகளை வாங்கும் உரிமையை வழங்கியது. மூன்றாண்டு இருந்தவருக்குச் சந்தை விலையில் 33 வீதக் கழிவு; பின்னர் ஆண்டுக்கு ஒரு வீதமாகக் கூடி, 20 ஆண்டு இருந்தவருக்கு 50 வீதம். அரசியல் நோக்கம் எதுவாயினும், இக்கணக்கினுள் ஓர் அறக்கொள்கை பொதிந்துள்ளது: குடியிருந்த ஆண்டுகளும் விலையின் ஒரு பகுதியே. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகள் கட்டப்படாமையாற் பின்வந்த ஏழைகள் இடர்ப்பட்டனர் என்பதும் உண்மை. ஸ்கொத்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நீக்கின. எனினும் லயக்காம்பரா, அடுத்த ஏழைக்கெனப் பொதுமன்றம் காத்துவைத்த சொத்தன்று. அது தோட்டத்திற்கு ஆள் நிறுத்தி வைப்பதற்கெனக் கட்டப்பட்டது.

இலங்கையிலும் 1973ஆம் ஆண்டு வீட்டுச்சொத்து உச்சவரம்புச் சட்டம், வாடகைக் குடியிருப்பாளர் வீட்டுரிமையாளராவதற்கு வழி திறந்தது. அவ்வழியில் லயத்து மக்கள் நடக்கவில்லை. அவர்களிடம் வாடகை வாங்கப்படவில்லை. ஆதலின் அவர்கள் வாடகையாளருமல்லர். வாடகையின்மை சலுகையெனப் பேசப்படுவதுண்டு. உண்மையில் வாடகை நாள்தோறும் மலையிற் கொழுந்தாக நிறுக்கப்பட்டது. பற்றுச்சீட்டு மட்டுமே எழுதப்படவில்லை. கடனைப் பதிவதற்கெனில் எழுத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை: 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை தொழிலாளியின் கடனைத் தோட்டத்திற்குத் தோட்டம் கொண்டுசென்றது. 1992இல் முகாமையை ஏற்ற கம்பனிகளுக்கோ பின்னர் 53 ஆண்டுக் குத்தகைப் பத்திரங்கள் கிடைத்தன. நேற்று வந்தவருக்குப் பத்திரம் உண்டு. ஐந்து தலைமுறை இருந்தவருக்கு இல்லை.

பின்னர் எழுந்த தனிவீட்டுத் திட்டங்கள் சிலவற்றில், வீட்டுக்கடன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டது. 2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்னும் திட்டம் முனைப்புப் பெற்றது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் உறுதிகள் மேடையில் அமைச்சர் கையால் வழங்கப்படும்போது, உரிமை நன்கொடையின் வேடம் பூணுகின்றது. கழிவு பெற்று வீடு வாங்கிய ஆங்கிலேயத் தொழிலாளி எவருக்கும் மாலை சூட்டவேண்டியிருக்கவில்லை. அவன் இருந்த ஆண்டுகளே அவனுக்காகப் பேசின.

அந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், தோட்டத்து வீட்டின் நிலத்துக்குக் கேட்கத்தக்க விலை எதுவும் மிஞ்சாது. கட்டடச் செலவில் ஒரு பகுதியைக் கேட்பதே நியாயத்தின் எல்லை. விலையினும் முதன்மையானது உறுதியின் வாசகம். வீட்டில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் போடவேண்டும் என்னும் பழைய பிணைப்பு அதனுள் மறைந்தும் நுழையலாகாது. கொழுந்து பறித்த தாயின் பெயர் அதில் இருத்தல்வேண்டும். கொழும்பிற் கடையில் நிற்கும் மகனுக்கும், ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்ற மகளுக்கும் தீபாவளிக்குத் திரும்பிவரும்போது அது அவர்களின் வீடாகவே இருத்தல்வேண்டும்.