வாணிகத்திற் காலமறிதல்

வாணிகத்திற்கு இன்றியமையாதன யாவை என்று வினவின், முதற்பொருள் என்பார் சிலர். உழைப்பு என்பார் சிலர். நாணயம் என்பார் வேறு சிலர். இம்மூன்றும் வேண்டுவனவே. ஆயினும் இவை மூன்றும் உடையவன் வீழ்ந்ததையும், இவற்றிற் குறைந்தவன் உயர்ந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம். அதற்குக் காரணம் யாதென ஆராயுமிடத்து நான்காவது பொருளொன்று தோன்றும். அதுவே காலம். வாங்குங் காலம், விற்குங் காலம், கடையை விரிக்குங் காலம், சுருக்குங் காலம் ஆகிய இவற்றைத் தெரிந்துகொள்ளும் அறிவு எத்தகையது? அவ்வறிவினாற் பெறும் ஊதியம் அறத்தின்பாற் பட்டதோ? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

காலம் என்றவுடன் நம்மவரிற் பலர் பஞ்சாங்கத்தைத் தேடுகின்றனர். கடை திறப்பதற்கு நாள் பார்ப்பர். அக்கடையிருக்கும் தெருவில் அதே சரக்கை விற்போர் எத்தனை பேர் என்று பாரார். ஒரே முகூர்த்தத்தில் திறந்த இரண்டு கடைகளுள் ஒன்று தழைத்து மற்றொன்று பூட்டப்படுவது உலகியல். இராகுகாலம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தில் நீங்கிவிடும். விலைவீழ்ச்சி என்னும் தீக்காலமோ ஆண்டுக்கணக்கில் நின்றதுண்டு. அதனைக் குறித்துக் காட்டும் பஞ்சாங்கம் எங்குமில்லை.

வள்ளுவனாரும் காலமறிதலுக்குத் தனியதிகாரம் வகுத்தார். அஃது 49ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது வலியறிதல். பின் நிற்பது இடனறிதல். இம்முறை வைப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தன் வலிமையை அளந்தறியாதவனுக்குக் காலம் வாய்த்தும் பயனில்லை. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் முன்னோர் வியர்வை சிந்திய ரப்பர் மரமே சான்று.

1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பார், மரத்திற்கு ஊறுநேராமற் பால்வெட்டும் முறையை ஆராய்ந்து கண்டு, ரப்பர் பயிரிடுமாறு தோட்டத் துரைமார்களை வேண்டினார். அவர்கள் அவரைப் பித்தரென்று நகைத்தனர். அக்காலத்துச் செல்வப் பயிர் காப்பி. 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரை நட்டார். பின்னர்க் காப்பி விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. உலகமே ரப்பருக்குக் கையேந்தியது. அவர் நட்ட நாளில் அங்காடியில் ஆரவாரம் ஏதுமில்லை என்பதைக் கருதுக.

ஆரவாரம் எழுந்தது 1910இல். அவ்வாண்டில் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விலைபோயிற்று. அதுகண்டு பலர் காடழித்து நட்டனர். ரப்பர் மரமோ பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். இன்றைய விலையைப் பார்த்து நடுகின்றவன், எவரும் அறியாத மற்றொரு நாளின் விலைக்கே விற்கப்போகின்றான். 1920ஆம் ஆண்டின் இறுதியில் விலை ஒரு ஷில்லிங்குக்குங் கீழே இறங்கியபோது, கடன்பட்டு நட்டவன் கலங்கினான். கையிருப்பு வைத்திருந்தவன் பொறுத்திருந்தான். இருவருக்கும் வந்த காலம் ஒன்றே. அவர்தம் வலிமையே வேறு.

அரசாங்கமுங் காலத்தைக் கட்டிவைக்க முயன்றது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தால் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதி குறைக்கப்பட்டது. 1925இல் விலை 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறிற்று. ஆயின், திட்டத்திற் சேராத டச்சுக்காரர் ஆண்ட தீவுகளிற் குடியானவர் மேலும் மேலும் நட்டனர். அமெரிக்க நிறுவனத்தார் 1926இல் லைபீரியாவிலும், 1927இல் பிரேசிலிலும் தங்களுக்கெனத் தோட்ட நிலம் பெற்றனர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறர் கையிலிருக்கும் காலத்தைத் தன் கையிலிருப்பதாக எண்ணியதன் விளைவு இது.

அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. 12 பென்ஸ் கொண்டது ஒரு ஷில்லிங். 1932இல் ஓர் இராத்தல் ரப்பர் 2 பென்ஸ் அளவுக்கு வந்தது. தோட்டங்களை எப்பொழுது விரிப்பது என்று முடிவு செய்தவர் இலண்டனிலிருந்த பங்குதாரர். அம்முடிவு பிழைத்தபோது அதன் சுமை வீழ்ந்ததோ லயத்தில் வாழ்ந்தவர் தலைமேல். முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930இல் 40 காசும் 32 காசும் ஆயிற்று. அதன் பின்னும் தேய்ந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இறங்கிய அவர்களுள் எவரும் ரப்பரை எப்பொழுது நடுவதென்று கேட்கப்பட்டவரல்லர்.

இங்குதான் நம் இரண்டாம் வினா எழுகின்றது. காலமறிந்து பெறும் ஊதியம் அறமாகுமா? ஆகும் என்பதே எம் துணிபு. ஆனால் அதற்கொரு வரம்புண்டு. பிறருக்கு நாளை வேண்டுவதை இன்றே உணர்ந்து, தன் பொருளையும் உழைப்பையும் முன்வைத்து, இழப்பு வரினும் தானே ஏற்பவன் பெறும் ஊதியம் தூயது. பிறருடைய இடுக்கண் முற்றும் வரை காத்திருந்து பெறும் ஊதியம் அத்தகையதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசியைப் பதுக்கி வைத்து, பசித்தவள் கழுத்துத் தாலியை விலையாகப் பெற்றவனும் காலமறிந்தவனே. அவனை வாணிகன் என்று சொல்ல நம் நாக்கூசுகின்றதன்றோ? இருவரும் காலம் பார்த்தனர். ஒருவன் தன் தோள்மேல் நின்று பார்த்தான். மற்றவன் பிறர் கழுத்தின்மேல் நின்று பார்த்தான்.

காலந்தவறியவரெல்லாம் இழிந்தவரென்று கருதுதலும் பிழை. ரப்பராற் பெருஞ்செல்வரான டான் கா கீ, 1925இல் தம் செல்வத்தின் உச்சியில் இருந்தார். விலை வீழ்ந்த பின்னும் விரித்த தொழிலைச் சுருக்க இயலாமல் 1934இல் அவர்தம் நிறுவனம் மூடப்பட்டது. வாணிகக் கண்கொண்டு நோக்கின் அவர் காலந்தவறினார். எனினும் 1921இல் அவர் நிறுவிய சியாமென் பல்கலைக்கழகத்திற்கு, தொழில் நலிந்த நாளிலும் பொருளுதவுவதை அவர் கைவிட்டாரல்லர். அப்பல்கலைக்கழகம் இன்றும் நிற்கின்றது. 2016இல் மலேசியாவின் சிப்பாங்கிலும் அதன் கிளை திறக்கப்பட்டது. ரப்பருக்குத் தவறிய காலம் கல்விக்குத் தவறவில்லை.

அன்பர்களே! தோட்டத்திற் பால்வெட்டி மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு மாடு வாங்க நினைப்பவரும், பட்டினத்தில் மளிகைக்கடை வைக்க நினைப்பவரும் இவற்றைச் சிந்திப்பாராக. அண்டைவீட்டான் ஆதாயம் பெற்றான் என்பது நாம் தொடங்குதற்குரிய காலத்தைக் காட்டாது. அவன் காலம் முடியும் தறுவாயில் இருந்தாலும் இருக்கும். ஓராண்டு விற்பனையின்றி இருக்கினும் குடும்பம் உண்ணுமா என்று முதலிற் கணக்கிடுக. உண்ணுமாயின் நமக்குக் காத்திருக்கும் வலிமை உண்டு. காத்திருக்க வல்லவனே காலத்தைத் தேர்ந்தெடுக்க வல்லவன். வட்டிக்கு வாங்கிய பணமோ நமக்காகக் காத்திராது. தவணை நாளே அதற்குப் பஞ்சாங்கம்.

இறுதியாக ஒன்று. நல்ல தருணம் வாய்த்ததென்று உள்ளங் களிக்கும்போது, இத்தருணம் தவறிப்போனால் இழப்பவர் யார் என்று ஒருகணம் வினவுக. "நான்" என்று விடை வருமாயின் துணிந்து இறங்குக. நம்மிடம் கூலிக்கு நிற்பவரும், கடன் கொடுத்த எளியவரும், வீட்டிலிருக்கும் பெண்டு பிள்ளைகளுமே இழப்பரெனின், முகூர்த்தம் எத்துணை நல்லதாயினும் அது நமக்குரிய காலமன்று.