ஐந்தாம் தீ

நாற்புறமும் தீ மூட்டி, தலைக்கு மேலுள்ள கதிரவனை ஐந்தாம் தீயாகக் கொண்டு நோற்கும் பஞ்சாக்கினித் தவத்தில் வெப்பத்தைத் தாங்குவது அறமாவதற்குக் காரணம், நோற்பவர் விரும்பினால் எழுந்து சென்றுவிடலாம் என்பதே. கூலிக்காக அதே வெயிலில் கம்பி கட்டுபவரின் பொறுமையையும் தவமென்று போற்றுவது, அவரிடம் இல்லாத விடுதலையை இருப்பதாகக் கற்பித்துக்கொள்ளும் கொடிய பிழையாகும். தாங்கும் எல்லையை மன உறுதி தீர்மானிப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவேதான் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்னும் அளவீடு, வெளிவெயிலில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடும், கதிர்வீச்சை ஏற்கும் கரிய கோளத்துக்கு 20 விழுக்காடும், வெறும் காற்றின் வெப்பத்துக்கு 10 விழுக்காடும் மதிப்பளிக்கிறது. தமிழர் பலரும் உழைக்கும் கத்தாரில், இந்த அளவீடு 32.1 பாகை செல்சியசைக் கடந்தால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று 2021இல் விதிக்கப்பட்டது. வெப்பத்தால் ஆபத்து என நம்பும் தொழிலாளி தாமே வேலையை நிறுத்தவும் அவ்விதி இடமளிக்கிறது. எழுந்து செல்லும் உரிமை இங்கே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் கடன்பட்டுக் கடல் கடந்தவர், அன்றைய கூலிக்கும் மறுநாள் வேலைக்கும் உறுதியில்லாத நிலையில், அதை எவ்வாறு கையாள்வார் என்பதே அறவியல் இன்னும் எதிர்கொள்ள வேண்டிய வினா.