மெருகும் மெய்ம்மையும்

பழைய பொருளொன்றைக் கையிலெடுத்து, "இது அசல்தானா?" என்று கேட்பவன் உண்மையில் இரண்டு வினாக்களை எழுப்புகின்றான். இப்பொருள் மாறாதிருக்கின்றதா என்பது ஒன்று. இது தன்னைப்பற்றி மெய் கூறுகின்றதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல மயக்கங்கள் தோன்றுகின்றன. பழைய ஆயுதங்களைச் சேகரிப்போர் உலகம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

1908ஆம் ஆண்டில் ஜேர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அதற்குக் கருநீல மெருகு ஏற்றிய முறை விந்தையானது. தொழிலாளர் உருக்கின்மேல் மெல்லிய துருவை வேண்டுமென்றே படரவிட்டனர், கொதிநீரில் இட்டு அதனைக் கருமையாக்கினர், தூரிகையால் தேய்த்தனர், இதனையே பன்முறை செய்தனர். துருவைக் கொண்டே துருவைத் தடுத்த இம்மெருகு வெளியிலிருந்து பூசிய வர்ணமன்று. உருக்கின் மேற்பரப்பே அடைந்த மாற்றமாகும். விசை, பாதுகாப்பு நெம்பு முதலிய சிறு உறுப்புகள் வெப்பத்தால் வைக்கோல் நிறம் பெற்றன. 1937ஆம் ஆண்டளவில் மவுசர் தொழிற்சாலை, சூடான உப்புக் கரைசலில் அமிழ்த்தும் விரைவான முறைக்கு மாறியபின் அச்சிறு உறுப்புகளும் நீலமாயின.

எனவே, 1916 எனப் பொறிக்கப்பட்ட துப்பாக்கியின் விசை நீலமாயிருப்பின் ஐயம் பிறத்தல் இயல்பே. தேய்ப்புச் சக்கரம் பட்ட விளிம்புகள் கூர்மை இழந்திருக்கும். பொறித்த எழுத்துகள் மங்கியிருக்கும். துரு அரித்த குழிகளுக்குள்ளும் புதுநீலம் படிந்திருக்கும். இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது. சான்றுகள் யாவும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும்.

மாற்றம் நிகழ்ந்ததென்று கண்டபின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? போரில் தோற்ற ஜேர்மனியின் தரைப்படையை 1919இல் வேர்சாய் உடன்படிக்கை ஓரிலட்சம் பேருக்கு மட்டுப்படுத்தியது. அதன்பின் அரசு தன்னிடமிருந்த துப்பாக்கிகள் பலவற்றில், பழைய ஆண்டுடன் 1920 என்பதையும் பொறித்தது. அவற்றுட் பல பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மெருகேற்றப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் பின் கிழக்கு ஜேர்மனியின் மக்கள் பொலிஸும் பழைய லூகர்களைப் புதுப்பித்துப் பயன்படுத்தியது. இம்மெருகு முதன்மெருகன்று, ஆயினும் பொய்யுமன்று. ஒரு தேசத்தின் தோல்வியும் ஆட்சி மாற்றமும் அதிலே பதிந்துள்ளன.

இதே வேலையை இன்று ஒருவன் தன் பட்டறையிற் செய்து, முதன்மெருகென்று கூறி விற்கின்றான். அவனது கைத்திறன் அரசுத் தொழிலாளியின் திறனினும் மேம்பட்டதாகவும் இருக்கலாம். எனினும் அது மோசடியே. குற்றம் மாற்றியதில் இல்லை. மாற்றியதை மறைத்ததில் உள்ளது. எவராலும் கண்டுபிடிக்க முடியாவிடின் தீங்கென்ன என்று சிலர் வாதிடுவர். வாங்கியவனின் பணம் மட்டுமன்று, பின்வருவோர்க்குரிய சான்றும் அங்கே களவாடப்படுகின்றது என்பதே அதற்கு விடை.

சந்தையோ வேறொரு கணக்கை வைத்திருக்கின்றது. எவர் கையும் படாத துப்பாக்கிக்கு அது உச்ச விலை கொடுக்கின்றது. சேற்றிலும் பதுங்குகுழியிலும் சாமானியப் படைவீரனொருவன் சுமந்து தேய்த்த துப்பாக்கியின் விலையைக் குறைக்கின்றது. மனிதன் பட்ட பாடு அங்கே சேதம் எனப் பதியப்படுகின்றது. மெருகேற்றிய தொழிலாளியின் பெயரை எவரும் வினவுவதில்லை. குண்டுக்கு இரையானவனின் பெயரையும் வினவுவதில்லை. கொலைக்கருவியொன்றின் மெருகு குலையாதிருப்பதில் மனிதன் மகிழத்தக்க காரணம் ஒன்றுண்டு: அது போர்க்களம் காணாததாக இருக்கலாம். அக்காரணம் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

மாறாமையை மெய்ம்மையென மயங்குவோர், மாறிய அனைத்தையும் போலியென இகழ்வர். வரலாறு கற்போர் இம்மயக்கத்துக்கு ஆளாகலாகாது. யார் மாற்றினர், எந்தத் தேவைக்காக மாற்றினர், அதனை ஒளித்தனரா, வெளிப்படுத்தினரா என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.