சந்திரனை அகழ்தல் முறையோ?

சந்திரசேகரனது பிறையை அகழ்தல் அபசாரமென்பர் சிலர். யாம் அவ்வாறு கருதேம். பிருதிவியும் சந்திரனைப்போல அட்டமூர்த்தத்துள் ஒன்றே, அதனை உழுதன்றோ உண்கின்றோம்! ஆராயற்பாலது பங்கீடே.

சந்திர மண்ணில் ஹீலியம்-3 என்னும் வாயு 100 கோடிப் பங்கிற் சில பங்கே உளது. அதனைக்கொண்டு மின்சாரம் ஆக்கும் உலை இன்னும் எங்கும் எழுந்திலது. உரிமைப் பேச்சோ முந்திவிட்டது. 1967-ம் ஆண்டின் உடன்படிக்கை, சந்திரனை எந்நாடும் தனதாக்கலாகாதென்றது. 2015-ல் அமெரிக்கர் இயற்றிய சட்டம், அகழ்ந்த பொருள் அகழ்ந்தார்க்கே உரித்தென்றது. நிலம் பொதுவாம், அதன் சாரம் தனியுடைமையாம்!

திருக்கோணமலையார்க்கு இது புதிதோ? சீனன்குடாவில் ஆங்கிலேயர் தங் கடற்படைக்கென நூறளவு எண்ணெய்க் குதங்கள் அமைத்தனர். 1942 ஏப்ரல் 9-ல் யப்பானியர் குண்டு பொழிந்தனர். எண்ணெய் அவர்க்காயிற்று; நெருப்பில் நமக்கும் பங்கு கிடைத்தது.

பயனைப் பகுத்தற்குமுன் அகழ்தலையே யாம் முறையன்றென்கின்றோம். அப்பகுப்பை வேண்டும் 1979-ம் ஆண்டின் உடன்படிக்கையில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா சேர்ந்தில. 2023-ல் சந்திரயானை ஆங்கு இறக்கிய இந்தியாவும், கைச்சாத்திட்டும் உறுதிசெய்யாதிருக்கின்றது.